காய்ச்சலோடு கல்லாவில் உட்காரலாமா?

இந்த இதழில் நாம் இதுவரை எழுதியதெல்லாம் செஸ் வரி, தராசு முத்திரை, லாரி வாடகை என்று வியாபார சங்கதிகள்தாம். இந்த முறை உடம்பைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறோம். நாம் டாக்டர் இல்லை. பள்ளிக்கூடப் படிப்போடு கடைக்கு வந்து, மதுரை கீழமாசி வீதியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வற்றலும் பருப்பும் மொத்தமாக விற்று வருகிறவர்கள். ஒரு சாவு நம்மை இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க வைத்தது. தெரிந்த டாக்டர்களிடம் சந்தேகம் கேட்க வைத்தது. அப்படித் தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறோம்.

2022ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 24ஆம் தேதி வந்தது. நம் கடைக்கு இரண்டு கடை தள்ளிப் பருப்பு மண்டி வைத்திருந்தார் ஒரு தம்பி. வயது 54. நம்மை வாய் நிறைய "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார். சர்க்கரை இருந்தது, மாத்திரை சாப்பிட்டு வந்தார். மற்றபடி நெஞ்சுவலி என்று ஒரு நாளும் படுத்தவர் இல்லை. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது அவருக்குத் திடீரென்று காய்ச்சல். உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி, தொண்டைக் கட்டு, இருமல். வற்றல் மூட்டை புழங்குகிற தெருவில் இருமலுக்கு மரியாதை கிடையாது. சாக்கு உதறினால் நாலு பேர் இருமுவார்கள், எட்டுப் பேர் தும்முவார்கள். அதனால் அவர் இருமியதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"தம்பி, வீட்டுக்குப் போய்ப் படுங்களேன்" என்றோம்.

"எங்கே அண்ணாச்சி படுக்கிறது? கடலைப்பருப்பு லோடு இன்னைக்குத்தான் இறங்குது. பலகாரக்காரங்க எல்லாம் வந்து நிப்பாங்க. தீபாவளி முடியட்டும், ஒரு வாரம் நல்லா படுத்துக்கிறேன். ஏதாவது மாத்திரை இருந்தாக் கொடுங்க" என்றார்.

நம் மேஜை டிராயரில் எப்போதும் ஓர் அட்டை வலி மாத்திரை கிடக்கும். டைக்ளோபினாக். முழங்கால் வலிக்கு நமக்கு எப்போதோ எழுதிக் கொடுத்தது, அதற்குப் பிறகு நாமாகவே வாங்கி வைத்துக்கொள்வது. அதில் இரண்டைக் கிழித்துக் கொடுத்தோம். மறுநாளும் கொடுத்தோம். மூன்றாம் நாள் அவராகவே வந்து டிராயரைத் திறந்து எடுத்துக்கொண்டார். நடுவில் ஒரு கிளினிக்கில் ஊசியும் போட்டுக்கொண்டு வந்தார். என்ன ஊசி என்று அவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. ஏழாம் நாள் மத்தியானம் நெஞ்சு பாரமாக இருக்கிறது, வாயு பிடித்துக்கொண்டது என்றார். கோலி சோடா வந்தது. நம் கடையிலிருந்து ஓமத் தண்ணீர் போயிற்று. நாலு மணிக்குக் கிட்டங்கிக்கு ஏறியவர் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம். இ.சி.ஜி. எடுத்த டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "போன பத்து நாளில் இவருக்குக் காய்ச்சல் வந்ததா?" என்பதுதான். மூக்கில் குச்சி விட்டு எடுத்த சோதனையில் இன்ஃப்ளுவென்சா ஏ வகை என்று வந்தது. 22ஆம் தேதி காலையில் அவர் போய்ச் சேர்ந்தார். மூன்று நாள் அடைக்க மனம் வராத கடை, தீபாவளியையும் சேர்த்துப் பதினாறு நாள் அடைந்து கிடந்தது.

நாம் கொடுத்த மாத்திரைதான் காரணமா என்று அந்த டாக்டரிடம் நேராகவே கேட்டோம். "ஒரு மாத்திரை மேல் பழி போட முடியாது ஐயா. அவருக்குச் சர்க்கரை இருந்தது, ரத்தக் குழாயில் அடைப்பும் முன்பே இருந்திருக்கும். ஆனால் ப்ளூ காய்ச்சலோடு ஒருவர் வேலை செய்வதும், அந்த நேரத்தில் வலி மாத்திரை போடுவதும் நல்லதில்லை" என்றார். அந்தப் பதிலில் நமக்கு ஆறுதலும் இல்லை, விடுதலையும் இல்லை.

காய்ச்சல் நுரையீரல் சம்பந்தப்பட்டது, மாரடைப்பு இருதயம் சம்பந்தப்பட்டது, இரண்டுக்கும் நடுவில் என்ன கொடுக்கல் வாங்கல் என்று நம்மைப் போலவே நீங்களும் நினைக்கலாம். நமக்கு விளங்கிய அளவில் இதுதான். ஐம்பது தாண்டியவர்களில் பலருக்கு இருதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயின் உள் சுவரில் கொழுப்பு படிந்திருக்கும். அதன்மேல் மெல்லிய தோல் மாதிரி ஒரு மூடி. மூடி கிழியாதவரை ஆள் நன்றாகத்தான் நடமாடுவார். ப்ளூ கிருமி உள்ளே வந்ததும் அதை விரட்ட உடம்பு முழுவதும் அழற்சி உண்டாகிறது. அந்த வேகத்தில் அந்த மூடி வெடிக்கக்கூடும். வெடித்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாயை அடைத்தால் அதுதான் மாரடைப்பு. காய்ச்சல் நேரத்தில் ரத்தமும் சட்டென்று உறையும் குணத்தோடு இருக்கிறது. நாடி வேகமாக அடிக்கிறது, தண்ணீர் குடிக்காமல் உடம்பு வற்றுகிறது, நெஞ்சில் சளி கட்டினால் ரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. அதாவது இருதயத்துக்கு வேலை கூடுகிற அதே நேரத்தில் அதற்கு வரவேண்டிய வரத்து குறைகிறது. இது தவிர, சிலருக்குக் கிருமியால் இருதயத் தசையே வீங்கிப்போவதும் உண்டு. அது அபூர்வம்தான், ஆனால் அது திடமான ஆட்களுக்கும் வரலாம். ஏற்கெனவே இருதயம் பலவீனமாக இருப்பவர்களுக்கு மூச்சு வாங்கல் கூடி, கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிற நிலை வரும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த கதையும் அல்ல. ப்ளூ பரவிய காலங்களில் இருதய நோயால் இறப்பவர்களின் எண்ணிக்கையும் சேர்ந்தே ஏறுகிறது என்று அமெரிக்காவில் 1932லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 35 வயதுக்கு மேற்பட்டவர்களின் பரிசோதனைக் கணக்கையும் ஆஸ்பத்திரிக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து 2018ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ப்ளூ என்று உறுதியான முதல் ஏழு நாளில், அதே ஆளுடைய மற்ற நாட்களோடு ஒப்பிட்டால், மாரடைப்பு வருவது ஆறு மடங்கு. ஏழு நாள் கழிந்தபின் அந்த ஏற்றம் இல்லை. ஆக ஆபத்தெல்லாம் அந்த ஒரு வாரத்தில் குவிந்திருக்கிறது. நம் தம்பி "தீபாவளி முடியட்டும்" என்று தள்ளி வைத்தது அந்த ஒரு வாரத்தைத்தான்.

அமெரிக்காவில் 2010 முதல் 2018 வரை எட்டு சீசனில் ப்ளூவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்த 80,000க்கும் மேற்பட்ட பெரியவர்களின் கணக்கை எடுத்து 2020ல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு ஏறக்குறைய 12 பேருக்கு இருதயத்தில் திடீர்க் கோளாறு வந்திருக்கிறது. பெரும்பாலும் இருதயச் செயலிழப்பு, அடுத்தபடியாக மாரடைப்பு போன்ற ரத்த ஓட்டத் தடை. அப்படிக் கோளாறு வந்தவர்களில் நூற்றுக்கு 7 பேர் ஆஸ்பத்திரியிலேயே இறந்திருக்கிறார்கள். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்கு முற்றியவர்களின் கணக்கு. காய்ச்சல் வந்த எல்லாருக்கும் இந்தக் கணக்கைப் போடக்கூடாது. மொத்த விலையைச் சில்லறை விலை என்று படித்துப் பயப்பட வேண்டாம்.

ப்ளூ என்றால் சாதாரண சளிதானே என்பது நம்மிடையே உள்ள அடுத்த தவறு. மூக்கொழுகல் மெல்ல வந்து மெல்லப் போகும். ப்ளூ காலையில் நன்றாக இருந்தவரைச் சாயங்காலம் படுக்க வைக்கும். காய்ச்சல் ஏறும், எலும்பெல்லாம் வலிக்கும். 2009ல் உலகமெங்கும் பரவிய பன்றிக் காய்ச்சலை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்தக் கிருமி எங்கும் போய்விடவில்லை. பருவக் காய்ச்சலோடு பருவக் காய்ச்சலாக இன்றும் வந்து போகிறது. 2015ல் மட்டும் நம் நாட்டில் 42,000 பேருக்கு மேல் பாதித்து, மூவாயிரம் பேருக்குக் கொஞ்சம் குறைவாக இறந்தார்கள். பன்றிக் காய்ச்சல் என்றால் தெருவே நடுங்குகிறது. அதையே ப்ளூ என்று சொன்னால் சுக்குக் காப்பி குடித்துவிட்டுக் கடையைத் திறக்கிறோம். (சுக்குக் காப்பியை நாம் குறை சொல்லவில்லை. சுக்கு நம் சரக்கு. தொண்டைக்கு இதமாகத்தான் இருக்கும்.)

இனி மாத்திரைக்கு வருவோம். இதை எழுதக் கொஞ்சம் கை கூசத்தான் செய்கிறது. தைவானில் மாரடைப்பில் சேர்ந்த பத்தாயிரம் பேர் அளவிலான நோயாளிகளின் கணக்கைப் பார்த்து 2017ல் ஒன்றை வெளியிட்டார்கள். சளிக் காய்ச்சல் போன்ற நோய் இருக்கும்போது டைக்ளோபினாக், இபுபுரூபன் வகை வலி மருந்து எடுத்தவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து சுமார் மூன்றரை மடங்கு. அதே வகை மருந்து ஊசி வழியாக ஏறியிருந்தால் ஏழு மடங்கு. வலி மருந்து எடுத்ததால்தான் வந்ததா, நோய் கடுமையாக இருந்தவர்கள்தான் அதிகம் எடுத்தார்களா என்று அடித்துச் சொல்ல முடியாது என்று டாக்டர்களே சொல்கிறார்கள். சொல்லட்டும். சந்தேகச் சரக்கை நாம் கடையில் வைப்பதில்லை அல்லவா? காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும் என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள், அதுவும் அளவோடு. மூக்கடைப்புக்கு என்று விற்கிற சில கலப்பு மாத்திரைகள் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும் என்பதையும் அழுத்தம் உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் மளிகைக் கடைகளில் எத்தனை கடையில் பிஸ்கட் பாட்டிலுக்குப் பின்னால் மாத்திரை அட்டை தொங்குகிறது என்று நமக்குத் தெரியாதா? "அண்ணாச்சி, உடம்பு வலிக்கு ரெண்டு கொடுங்க" என்று கேட்டால் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுக்கிறோம். ஆயிரம் பேருக்கு மிகாத சிற்றூர்களில் பாரசிட்டமால் போன்ற சில வீட்டு மருந்துகளை உரிமம் இல்லாமல் விற்கச் சட்டம் விலக்கு தந்திருக்கிறது. டைக்ளோபினாக் அந்த விலக்கில் வராது. அது டாக்டர் சீட்டுக்கு மருந்துக் கடையில் கொடுக்க வேண்டியது. அபராதத்துக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. அதில் கிடைக்கிற லாபம் ஒரு டீக்குக் காணாது. அந்த அட்டையை எடுத்துவிடுங்கள் என்று கேட்கிறோம். நம் டிராயரில் இப்போது அது இல்லை.

ஊசி விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு வினோதமான புத்தி. காய்ச்சலுக்கு "ஸ்ட்ராங்கா ஒரு ஊசி போடுங்க" என்று நாமே கேட்டு வாங்கிக்கொள்வோம். காய்ச்சல் வராமல் தடுக்கிற ஊசி என்றால் ஓடுவோம். ப்ளூ தடுப்பூசி ஒன்று ஆண்டுதோறும் வருகிறது. கிருமி வருடத்துக்கு வருடம் உருமாறுவதால், எந்த ரகத்தைச் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் ஒரு தடவையும் செப்டம்பரில் ஒரு தடவையும் அறிவிக்கிறது. ஆகவே போன வருடம் போட்டது இந்த வருடத்துக்கு ஆகாது, பழைய சரக்கு. போட்டபின் பலன் பிடிக்க இரண்டு வாரம் ஆகும்.

இதனால் இருதயத்துக்கு உண்மையிலேயே லாபம் உண்டா? இரண்டு பக்கக் கணக்கையும் சொல்கிறோம். வங்காளதேசம் உள்பட எட்டு நாடுகளில், மாரடைப்பில் சேர்ந்த சுமார் 2,570 பேரில் பாதிப் பேருக்கு ஆஸ்பத்திரியிலேயே ப்ளூ தடுப்பூசியும் மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர் ஊசியும் போட்டுப் பார்த்தார்கள். முடிவு 2021ல் வந்தது. ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் உப்புத் தண்ணீர்க்காரர்களில் நூற்றுக்கு 4.9, தடுப்பூசிக்காரர்களில் 2.9. இன்னொரு சோதனையில் இந்தியாவும் இருந்தது. இருதயம் பலவீனமான 5,000 பேருக்கு மேல் எடுத்துக்கொண்டு 2022ல் வெளியிட்டார்கள். அதில் முக்கியமாக எதிர்பார்த்த பலன் தெளிவாகத் தெரியவில்லை. ஆனால் நிமோனியாவும் ஆஸ்பத்திரியில் சேர்வதும் குறைந்திருந்தன. தடுப்பூசி போட்டவருக்கும் ப்ளூ வரலாம். வந்தாலும் முற்றாமல் போக வாய்ப்பு அதிகம். நாம் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு 2023லிருந்து வருடா வருடம் போட்டுக்கொள்கிறோம். கை ஒரு நாள் வலிக்கிறது, அவ்வளவுதான். விலை ஏறக்குறைய 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றின் விலை. பெரியவர்களுக்கு அரசு இலவசமாகப் போடும் பட்டியலில் இது இல்லை, நம் கைக்காசுதான்.

கொரோனா தடுப்பூசி போட்ட பிறகுதான் ஆட்கள் பொட்டுப் பொட்டென்று விழுகிறார்கள் என்று கல்லாவைச் சுற்றிப் பேசுகிற பேச்சை நாமும் கேட்கிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 18 முதல் 45 வயதுவரையுள்ளவர்களின் திடீர்ச் சாவுகளை ஆராய்ந்து, தடுப்பூசியால் அந்த ஆபத்து கூடவில்லை என்று 2023ல் சொல்லிவிட்டது. விழுந்தவருக்குப் போன வாரம் காய்ச்சல் இருந்ததா என்று மட்டும் நம்மில் யாரும் விசாரிப்பதில்லை.

நமக்கு இதில் ஒரு கெட்ட பொருத்தம் வேறு இருக்கிறது. வட இந்தியாவில் இந்தக் காய்ச்சல் தென்மேற்கு மழைக் காலத்தில் ஏறுகிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையோடு, அதாவது அக்டோபர், நவம்பரில் ஏறுகிறது. ஆயுத பூஜை, தீபாவளி என்று நாம் தூக்கமில்லாமல் ஓடுகிற அதே மாதங்கள். கூட்டம் நெருக்கும், சரக்கு இறங்கும், சாப்பாடு மூன்று மணிக்கு, படுக்கை ஒரு மணிக்கு. கிருமிக்கு இதைவிடத் தோதான சந்தை கிடைக்காது.

மே 5ஆம் தேதி வணிகர் தினத்துக்கு மாநிலம் முழுவதும் கடையை அடைக்கிறோம். வரிக்கு அடைக்கிறோம், வால்மார்ட்டுக்கு அடைத்தோம். காய்ச்சலுக்கு மட்டும் அடைக்க மாட்டேன் என்கிறோம். ஆனால் இதைச் சொல்லிவிட்டு மொத்த வியாபாரியான நாம் நல்லவர் வேஷம் போட முடியாது. புருஷன் பெண்டாட்டி இரண்டே பேராக நடத்துகிற சின்னக் கடைக்காரர் ஏன் அடைப்பதில்லை? அடைத்தால் வாடிக்கை அடுத்த தெருவுக்குப் போய்விடும், அது ஒன்று. வாரா வாரம் நம் கணக்குப்பிள்ளை பாக்கிச் சிட்டையோடு போய் நிற்பார், அது இன்னொன்று. "உடம்பு சரியில்லை, அடுத்த வாரம் தருகிறேன்" என்று சொன்ன கடைக்காரரைச் சாக்குச் சொல்கிறவர் என்று நாமே பேசியிருக்கிறோம். 2023 முதல் நம் கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். காய்ச்சல் என்று போன் செய்தால் அந்த வாரம் வசூலுக்கு ஆள் போகாது, சரக்கும் நிற்காது. இதனால் நமக்கு வராமல் போன பாக்கி என்று இதுவரை ஒன்றும் இல்லை. மற்ற மொத்த வியாபாரிகளும் இதைச் செய்தால் என்ன?

லோடுமேன்களையும் நினைக்க வேண்டும். கூலி போய்விடும் என்று காய்ச்சலோடு ஐம்பது கிலோ மூட்டையைத் தூக்குகிறார்கள். இரண்டு நாள் அரைக்கூலி கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதால் எந்த மண்டியும் முழுகிப்போகாது.

காய்ச்சல் வந்த வாரத்திலும், விட்டபின் சில நாட்களும் கவனிக்க வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். படுத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் குடியுங்கள். சர்க்கரைக்கும் இருதயத்துக்கும் அழுத்தத்துக்கும் சாப்பிடுகிற மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஐம்பது தாண்டியவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் முதல் இரண்டு நாளிலேயே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். ப்ளூவுக்கென்று உள்ள மருந்து 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன் தரும். நெஞ்சு பாரம், தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ இறங்குகிற வலி, குளிர்ந்த வியர்வை, படி ஏற முடியாத மூச்சு வாங்கல் வந்தால் சோடா தேடாதீர்கள். சர்க்கரைக்காரர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் மூச்சு வாங்கலும் அசதியுமாகவும் வரலாம். 108க்குப் போன் போடுங்கள். கிராமத்தில் இருப்பவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு விரையலாம். இதயம் காப்போம் திட்டம் 2023ல் தொடங்கியதிலிருந்து ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளை அங்கேயே முதலில் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

நமது கிளைச் சங்கத்தின் அடுத்த செயற்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறோம். உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கு முகாம் போடுகிற மாதிரி, செப்டம்பரில் சங்கக் கட்டடத்தில் டாக்டரை வைத்து ப்ளூ தடுப்பூசி முகாம் போட வேண்டும். ஐம்பது தாண்டிய உறுப்பினர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், இருதய நோய் உள்ளவர்கள், அவர்களின் வீட்டுக்காரம்மாக்கள், கடை ஆட்கள் எல்லாருக்கும். இருபது முப்பது பேருக்கு மொத்தமாக எடுத்தால் விலை குறைத்துப் பேசலாம்; பேரம் பேசவா நமக்குச் சொல்லித்தர வேண்டும்? லோடுமேன்களுக்கு ஆகும் செலவில் பாதியை அவரவர் மண்டியும் மீதியைச் சங்கமும் ஏற்கலாம் என்பது நம் யோசனை. "சங்கம் வியாபாரத்தைப் பார்க்கட்டும், வைத்தியத்தை ஏன் பார்க்கிறது?" என்று போன தடவையே ஒருவர் கேட்டார். அவர் மறுபடி கேட்பார், பதில் சொல்லுவோம்.

அந்தத் தம்பியின் மகன்தான் இப்போது மண்டியைப் பார்க்கிறார். படித்த பிள்ளை. போன ஐப்பசியில் ஒரு நாள் கண் சிவந்து இருமிக்கொண்டே கடை திறக்க வந்தார். சாவியை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினோம். முணுமுணுத்துக்கொண்டே போனார். அவர் கடைக்கு வந்த இரண்டு லோடை நம் ஆட்களே இறக்கிக் கிட்டங்கியில் அடுக்கினார்கள். நான்கு நாள் கழித்து வந்து எண்ணிப் பார்த்து, ஒரு மூட்டை குறைகிறது என்றார். தேடியதில் நம் மூட்டைகளோடு கலந்திருந்தது, எடுத்துக் கொடுத்தோம். முகாமுக்கு முதல் பெயராக அவர் பெயரை எழுதி வைத்திருக்கிறோம். மற்றவர்கள் ஆகஸ்ட் 31க்குள் கிளைச் செயலாளரிடம் பெயரும் வயதும் கொடுக்கவும். ஏற்கெனவே ஏதாவது தடுப்பூசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தவர்கள் அதையும் மறக்காமல் சேர்த்து எழுதிக் கொடுக்கவும்.